பெண்களுக்கு வெளியில் வைக்கும் யூரின் கருவி: யாராவது வார்டில் போட்டுப் பார்த்தீர்களா?

ஆர்த்தோ_நைட் | செவ்வாய் காலை 9:10

நைட் முடித்து வந்தும் தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். எரிச்சல் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பெண்கள் ஆர்த்தோ வார்டு. 24 பெட், நைட்டில் 3 ஸ்டாஃப், ஒரு ஆயாம்மா, அந்த ஆயாம்மாவும் பாதி நேரம் பக்கத்து வார்டில்தான் இருப்பார். போன வாரம் கம்பெனி ரெப் ஒருவர் வந்து, பெண்களுக்கு உள்ளே டியூப் விடாமல் வெளியிலேயே வைத்து யூரினை உறிஞ்சி எடுக்கும் கருவி ஒன்றைக் காட்டினார். வாழைப்பழம் மாதிரி வளைந்து மெத்தென்று இருக்கிறது. ஒரு பக்கம் துணி, மறுபக்கம் பிளாஸ்டிக், ஒரு முனையிலிருந்து டியூப் கிளம்பிச் சுவரில் இருக்கும் சக்ஷன் ஜாருக்குப் போகிறது. எங்கே வைப்பது என்று வாயால் சொல்ல அவருக்குக் கூச்சம். முஷ்டியை மடக்கி, "இதுதான் பேஷன்ட்னு வச்சுக்குங்க சிஸ்டர்" என்று அதன்மேல் வைத்துக் காட்டினார். ஹேண்ட்ஓவர் நேரத்தில் 15 நிமிஷம், பாதிப் பேர் பையை மாட்டிக்கொண்டு நின்றோம். மொத்த ட்ரெய்னிங்கும் அதுதான்.

நேற்று நைட் 11ஆம் பெட் பாட்டிம்மாவுக்கு வைக்கச் சொன்னார்கள். 78 வயது, பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பு முறிவு, ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறார், காலை அசைத்தாலே உயிர் போகிறது. 12 மணிக்கு வைத்தேன். 1:30க்குப் போய்ப் பார்த்தால் ஜாரில் ஒரு சொட்டு இல்லை, டிரா ஷீட், அண்டர்பேட், பெட்ஷீட், அவர் நைட்டி எல்லாம் நனைந்து கிடக்கிறது. இடுப்பு முறிந்தவரைத் திருப்பி ஷீட் மாற்ற 3 பேராவது வேண்டும். மாற்றினோம். 4 மணிக்கு மறுபடியும் அதே கதை. இரண்டாவது தடவை பாட்டிம்மா அழுதேவிட்டார், வலியால் இல்லை. "இந்த வயசுல பெட்லயே போயிட்டேனே கண்ணு" என்று.

காலையில் சூப்பர்வைசர் கையில் ஒரு ஃபார்ம். "புதிய கருவிகளை ஏற்க நீங்கள் தயாரா?" முற்றிலும் தயாரில் ஆரம்பித்து முற்றிலும் தயாரில்லை வரை ஐந்து கட்டம். நடுக்கட்டத்தில் டிக் அடித்தேன். "நீங்கல்லாம் மாறவே மாட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

யாராவது இதைப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? உண்மையிலேயே வேலை செய்கிறதா, இல்லை எனக்குத்தான் வைக்கத் தெரியவில்லையா?

ஜிஎச்_அக்கா | செவ்வாய் காலை 9:32

நடுக்கட்டமா? நானாக இருந்தால் அந்த ஃபார்மிலேயே எத்தனை டிரா ஷீட் மாற்றினேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருப்பேன்.

டெக்சாஸ்_நெல்லை | செவ்வாய் காலை 10:05

முதலில் தூங்குங்கள் சிஸ்டர். எனக்கு இங்கே நடுராத்திரி, பிரேக்கில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வேலை செய்கிறது. ஆனால் முஷ்டியில் வைத்துக் காட்டின ட்ரெய்னிங்கில் வேலை செய்யாது.

இங்கே இது எப்படி வந்தது என்று சொன்னால்தான் விஷயம் புரியும். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது ஃபோலியால் (உள்ளே விட்டு வைக்கும் யூரின் டியூப்) இன்ஃபெக்ஷன் வந்தால் அதற்கான கூடுதல் பணத்தைத் தர மாட்டேன் என்று மெடிகேர் (இங்கே முதியோருக்கான அரசு இன்சூரன்ஸ்) 2008 அக்டோபர் 1இல் இருந்து கையை விரித்துவிட்டது. 2009இல் சிடிசி (அமெரிக்க நோய்த் தடுப்பு மையம்) வழிகாட்டுதல் வந்தது, அதில் தெளிவாகவே இருக்கிறது, கட்டுப்பாடில்லாமல் போகிறார் என்பதற்காக ஃபோலி போடாதே, நர்சிங் கேருக்குப் பதிலாக டியூபை வைக்காதே என்று. சரி, நியாயம்தான். ஆண்களுக்குக் காண்டம் கதீட்டர் காலங்காலமாக இருக்கிறது, மாட்டிவிட்டோம். பெண்களுக்கு என்ன இருந்தது? பேட், பெட் பேன், அதுவும் இல்லையென்றால் ஷீட். ஃபோலியை எடு என்று ஆர்டர் வந்தது, எடுத்த பிறகு என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. கிட்டத்தட்ட பத்து வருஷம் நாங்கள் ஷீட் மாற்றினோம். அப்புறம்தான் இந்தத் துணிக் கருவி பரவலாக வந்தது. இங்கே எல்லோரும் சொல்லும் பெயர் ப்யூர்விக். கலிஃபோர்னியாவில் ஒரு சின்னக் கம்பெனி ஆரம்பித்தது, பிறகு பார்ட் என்ற பெரிய கம்பெனி அதை வாங்கியது, அப்புறம் பார்டையே பிடி என்ற இன்னொரு கம்பெனி வாங்கிவிட்டது. ஃபோலியை 1930களிலிருந்து விற்றுவந்ததும் அதே பார்ட்தான், அது வேறு வேடிக்கை.

முதலில் நாங்களும் சிரித்தோம். ஒரு மாதம் கழித்து நைட் ஷிஃப்டில் இருப்பவர்கள் ஸ்டோரில் இருந்து இரண்டிரண்டாக எடுத்துத் தங்கள் டிராயரில் ஒளித்து வைக்க ஆரம்பித்தார்கள். நர்ஸ் மாற மாட்டாள் என்று சொல்கிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

வைக்கும் முறைக்கு வருகிறேன். கழுவித் துடைத்துக் காய்ந்த பிறகு வையுங்கள். பேரியர் கிரீம், வாசலின் எதையும் அந்த இடத்தில் தடவாதீர்கள், துணி அடைத்துக்கொண்டு உறிஞ்சாது (நம் ஊர்த் தேங்காய் எண்ணெயும் சேர்த்துத்தான்). துணிப்பக்கம் உடம்பைப் பார்த்து இருக்க வேண்டும், சிரிக்காதீர்கள், திருப்பி வைத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மேல்முனை முன்னால் இருக்கும் எலும்பு வரை வர வேண்டும், கீழ்முனை பிட்டங்களுக்கு நடுவில் உட்கார வேண்டும், இதழ்களுக்கு நடுவே ஒட்டினாற்போல் நிற்கும், உள்ளே எங்கேயும் போகக் கூடாது. சக்ஷன் விட்டுவிட்டு இல்லாமல் தொடர்ந்து ஓட வேண்டும், ரெகுலேட்டரில் 40 mmHg வைத்து ஆரம்பியுங்கள், சளி எடுக்க வைக்கும் 100, 120 எல்லாம் இங்கே வேண்டாம். 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை இடம் நகர்ந்திருக்கிறதா, தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். 8லிருந்து 12 மணி நேரத்தில் மாற்றியாக வேண்டும், மோஷனோ ரத்தமோ பட்டால் அப்போதே. யூரின் அடைத்துக்கொண்டு நிற்பவர்களுக்கு வைக்கவே கூடாது, உள்ளே தேங்கினதை வெளியில் இருந்து உறிஞ்ச முடியாது. லூஸ் மோஷன், அதிகமான மாதவிடாய், குழப்பத்தில் பிடுங்கிப் போடுகிறவர்கள், இவர்களுக்கும் வேண்டாம்.

ஜாரில் ஒரு சொட்டுகூட இல்லை என்றீர்களே, அது வைத்த இடத்தின் தப்பு மாதிரித் தெரியவில்லை. இடம் நகர்ந்தால் கொஞ்சம் ஜாருக்கும் கொஞ்சம் ஷீட்டுக்கும் போகும். உங்கள் சக்ஷனைப் பாருங்கள். கருவியை மாட்டும் முன் டியூப் முனையை ஒரு டம்ளர் தண்ணீரில் வையுங்கள், தண்ணீர் ஜாருக்கு ஏறுகிறதா என்று தெரிந்துவிடும்.

ஜிஎச்_அக்கா | செவ்வாய் மதியம் 2:20

டியூட்டி முடிந்தது, இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

டெக்சாஸ் தங்கச்சி சொல்வதெல்லாம் சரி. ஆனால் எங்கள் வார்டில் கட்டில் 40, ஆள் 55. கட்டிலுக்குக் கீழே பாயில் படுத்திருக்கும் அம்மாவுக்கு எந்தச் சுவரில் சக்ஷன் தேடுவது? இருப்பது ஒரு சக்ஷன் மெஷின், போட்டால் மாவு மில் மாதிரி சத்தம், அது மூச்சுத் திணறலுக்கே வரிசையில் நிற்கிறது.

எங்கள் ஊரில் ஃபோலி ஏன் போடுகிறோம்? இன்டேக் அவுட்புட் சார்ட் (எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது என்ற கணக்கு) வேண்டும் என்று ரவுண்ட்ஸில் கேட்பார்கள். அட்டெண்டர் (பேஷன்டுக்குத் துணைக்கு இருக்கும் வீட்டு ஆள்) வந்து "டியூப் போட்டு விடுங்க சிஸ்டர், ஒன்னுக்குக் கூட்டிட்டுப் போக ஆள் இல்ல" என்று கெஞ்சுவார், அவரும் கூலி வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கிறவர்தான். போட ஒரு ஆர்டர் வேண்டும், எடுக்க ஒரு ஆர்டர் வேண்டும், நடுவில் 6 நாள் அந்த டியூப் யார் கண்ணிலும் படாது. டாக்டர் பையை மட்டும் பார்ப்பார், எத்தனை மில்லி என்று.

போடுவதாவது சுலபமா? வயதான அம்மாக்களுக்கு அந்தத் துவாரம் உள்வாங்கி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஒருத்தி முட்டியைப் பிடிக்க, ஒருத்தி மொபைல் டார்ச்சைப் பிடிக்க, நான் குனிந்து தேட, வெளியே அட்டெண்டர் திரையை விலக்கி எட்டிப் பார்க்க. தப்பான வழியில் போய்விட்டால் உடனே உருவிவிடாதே, அதை அடையாளமாக அப்படியே விட்டுவிட்டு வேறொரு புது டியூபை அதற்கு மேலே போடு என்று என் முதல் இன்சார்ஜ் சிஸ்டர் சொல்லிக்கொடுத்தார். உருவினால் திரும்பவும் அதே வழிக்குத்தான் போவாய் என்பார். 22 வருஷமாக என் கையில் இருக்கும் வித்தை அது.

எங்கள் வார்டில் பெட் பேன் 4. அதில் ஒன்று விரிசல் விட்டு, உட்காருகிறவர் தோலைக் கிள்ளும், அதனால் அதை யாருக்கும் கொடுப்பதில்லை, கணக்குக்கு மட்டும் வைத்திருக்கிறோம். புதுக் கருவிக்கு நான் தயாரா என்று கேட்கிறவர் முதலில் 6 பெட் பேன் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்து கேட்கட்டும்.

ஐசியூ_தம்பி | செவ்வாய் மாலை 5:48

அக்கா, கிள்ளும் பெட் பேன் எல்லா ஆஸ்பத்திரியிலும் ஒன்று இருக்கிறது போல. 😄

நான் ஆண் நர்ஸ். எங்கள் ஐசியூவில் இந்தக் கருவி 3 மாதமாக இருக்கிறது. ஃபோலி என்றால் ஒரு தடவை ஃபீமேல் ஸ்டாஃபைக் கூப்பிட்டுப் போட்டுவிட்டால் போதும், அப்புறம் பையைக் காலி செய்வது, சார்ட் எழுதுவது எல்லாம் நானே பார்த்துக்கொள்வேன். இதில் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை போர்வையை விலக்கிப் பார்க்க வேண்டும். அந்த அம்மாவுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம், மகன் வெளியே கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தால் எல்லோருக்கும் சங்கடம். நைட்டில் 8 பெட்டுக்கு நாங்கள் 4 பேர், அதில் 3 பேர் பசங்கள். அந்த ஒரு அக்காவை எத்தனை தடவை கூப்பிடுவது? கேட்டால் ஆண் ஸ்டாஃப் ஒத்துழைக்கவில்லை என்று ரிப்போர்ட் போகிறது.

இன்னொன்று. எங்கள் பெட் பலதில் சக்ஷன் போர்ட் ஒன்றுதான் வேலை செய்யும். ஒரு நாள் பேஷன்ட் வாந்தி எடுத்துப் புரையேறிவிட்டது, ஓடிப் போய் சக்ஷனைத் தேடினால் அது கீழே வேலை செய்துகொண்டிருக்கிறது. பிடுங்கி, புது ஜார் மாட்டி, வேறு டியூப் போட்டு... சில நொடிதான், ஆனால் அந்தச் சில நொடி எனக்கு இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து வாய்க்கு என்று தனிப் போர்ட் இல்லாத பெட்டில் நான் அதை வைக்க விடுவதில்லை.

ஆர்த்தோ_நைட் | செவ்வாய் மாலை 6:15

தம்பி, இது எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வார்டில் இரண்டு பெட்டுக்கு ஒரு போர்ட்.

கம்பெனி_நண்பன் | செவ்வாய் இரவு 8:02

வணக்கம். சரியான முறையில் பயன்படுத்தினால் கதீட்டரால் வரும் இன்ஃபெக்ஷன் பூஜ்யம் ஆகிவிடும். இதைப் பயன்படுத்தத் தொடங்கிய வார்டுகளில் எண்ணிக்கை குறைந்ததை நாங்களே பார்த்திருக்கிறோம். செவிலியர்களின் மனநிலை மாறினால் எல்லாம் சாத்தியம்.

இன்ஃபெக்ஷன்_கன்ட்ரோல் | செவ்வாய் இரவு 8:40

நண்பரே, எண்ணிக்கை கட்டாயம் குறையும். ஏன் என்று நான் சொல்கிறேன்.

கதீட்டர் இன்ஃபெக்ஷன் என்று நாங்கள் எண்ணுவது உள்ளே டியூப் இருந்தவர்களை மட்டும். சிடிசி கணக்கின் வரையறையே அப்படித்தான், வெளியில் வைக்கும் எதுவும் அதில் சேராது. நாளைக்கே வார்டு முழுக்க ஃபோலியை எடுத்துவிட்டு உங்கள் கருவியை வைத்தால், அதற்குப் பிறகு 10 பேருக்கு யூரின் இன்ஃபெக்ஷன் வந்தாலும் என் ரிஜிஸ்டரில் பூஜ்யம்தான். நான் பொய் எழுதவில்லை, ரிஜிஸ்டரில் இருக்கும் அந்தக் கட்டம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

இதனால் கருவி மோசம் என்று ஆகாது. ஃபோலி உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் யூரினில் கிருமி சேரும் வாய்ப்பு 3லிருந்து 7 சதவீதம் கூடிக்கொண்டே போகிறது. பெண்களுக்கு யூரின் குழாய் 4 சென்டிமீட்டர்தான், ஆண்களுக்கு 20. ஒரு டியூப் குறைந்தாலும் எனக்குச் சந்தோஷம். ஆனால் கருவி வந்த பிறகு மொத்த யூரின் இன்ஃபெக்ஷன் எத்தனை, தோல் வெந்தது எத்தனை பேருக்கு, ஒரு ஷிஃப்டில் எத்தனை ஷீட் போனது, இதையெல்லாம் சேர்த்து எண்ணிக்கொண்டு வாருங்கள், பேசலாம். மனநிலையைப் பற்றி அதற்கப்புறம் பேசிக்கொள்வோம்.

ஜிஎச்_அக்கா | செவ்வாய் இரவு 8:44

கைதட்டல்.

தஞ்சை_மகள் | புதன் காலை 7:30

நான் நர்ஸ் இல்லை, இங்கே எழுதலாமா தெரியவில்லை. அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து 8 மாதம், வலது பக்கம் வராது, பேச்சு கொஞ்சம் வருகிறது. டயப்பர்தான். தொடை இடுக்கெல்லாம் சிவந்து வெந்து போகிறது. நைட்டில் 3 தடவை மாற்றுகிறேன், காலையில் ஸ்கூலுக்குப் போய்ப் பாடம் எடுக்க வேண்டும். இந்தக் கருவியை வீட்டுக்கு வாங்கலாமா? நெட்டில் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

டெக்சாஸ்_நெல்லை | புதன் காலை 8:55

தாராளமாக எழுதுங்கள்மா. வீட்டுக்கு என்று தனியாகச் சின்ன மோட்டாரோடு விற்கிறார்கள், இங்கே நிறைய வீடுகளில் இருக்கிறது. ஆனால் மோட்டார் ஒரு தடவைச் செலவு, அந்தத் துணித் துண்டு தினமும் செலவு. அது புதிதாக வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியது, கழுவித் திரும்ப வைக்கக் கூடாது. சிலர் கழுவிக் காய வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எனக்குப் பகீரென்றது.

வாங்குவதற்கு முன் ஒன்று. அம்மா யூரின் போய் முடித்த பிறகும் உள்ளே தேங்குகிறதா என்று ஒரு ஸ்கேனில் பார்த்துவிடுங்கள். ஸ்ட்ரோக் வந்தவர்களுக்கு அப்படித் தேங்கி வழிவது உண்டு. பார்க்க அடிக்கடி போகிற மாதிரி இருக்கும், உண்மையில் உள்ளே நிறைந்து வழிவதாக இருக்கும்.

ஜிஎச்_அக்கா | புதன் காலை 9:20

மகளே, காசு போடுவதற்கு முன் ஒரு வாரம் இதைச் செய்து பார். அம்மா எந்தெந்த நேரத்தில் நனைக்கிறார் என்று ஒரு நோட்டில் எழுது. மூன்று நாளில் ஒரு கணக்கு பிடிபடும். அதற்கு அரை மணி முன்னால் கட்டில் ஓரத்தில் கமோட் சேரில் உட்கார வை, வலுவுள்ள இடது பக்கமாகச் சேரைப் போடு. சாயங்காலம் 6க்குப் பிறகு காபி வேண்டாம். தண்ணீரையே குறைத்துவிடாதே, அது வேறு வம்பு. எல்லாத் தடவையும் தப்பாது, ஆனால் 3 தடவை எழுந்திருப்பது 1 ஆகலாம். வெந்த இடத்துக்கு டாக்டரிடம் காட்டி மருந்து வாங்கு, பவுடரைக் கொட்டாதே.

எம்எஸ்சி_செகண்ட்இயர் | புதன் மாலை 4:10

வணக்கம் சீனியர்ஸ். என் ஆய்வுத் தலைப்பே கிட்டத்தட்ட இதுதான்! பெண் நோயாளிகளுக்கான புதிய யூரின் கருவிகளை ஏற்கச் செவிலியர்களின் தயார்நிலை. 30 கேள்வி தயார் செய்திருக்கிறேன். புதுத் தொழில்நுட்பத்தை ஆட்கள் ஏன் ஏற்கிறார்கள் என்று ஆராய்ந்த டேவிஸ் 1989இல் சொன்ன மாதிரி, கருவி பயன்படும் என்று நினைக்கிறாரா, சுலபம் என்று நினைக்கிறாரா என்ற இரண்டையும் வைத்து அளக்கிறேன். கேள்விகளுக்குப் பிறகு ஒரு மணி நேர வகுப்பு, திரும்பவும் அதே 30 கேள்வி, மார்க் எவ்வளவு கூடியது என்று பார்ப்பது. இங்கே இருப்பவர்கள் நிரப்பித் தர முடியுமா?

ஜிஎச்_அக்கா | புதன் மாலை 4:25

வகுப்புக்குப் பிறகு மார்க் கூடும் என்று நான் இப்போதே சொல்லிவிடுகிறேன் பாப்பா. இதுவரை எந்த ஆய்வில் கூடாமல் போயிருக்கிறது?

டெக்சாஸ்_நெல்லை | புதன் மாலை 5:02

அக்கா, பிள்ளையைப் பயமுறுத்தாதீர்கள்.

தம்பியா தங்கையா தெரியவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. டேவிஸ் எழுதியது ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் ஆளை மனதில் வைத்து. அவனுக்கு அந்தப் புரோகிராம் பிடிக்கவில்லை என்றால் ஈமெயில் பார்க்காமல் இருந்துவிடலாம். இங்கே கருவியை வைக்கிறவள் ஒருத்தி, அது கசிந்தால் ஷீட் மாற்றுகிறவள் இன்னொருத்தி, வாங்குவது மூன்றாமவர், நனைவது நான்காமவர். நீ கேள்வி கேட்பது முதல் ஆளை மட்டும்.

ரோஜர்ஸ் 1962இல் புதுமை பரவுவதைப் பற்றி எழுதினாரே, அதில் சின்ன அளவில் சோதித்துப் பார்த்து, வேண்டாமென்றால் விட்டுவிட முடிகிறதா என்று ஒன்று வரும். அதைக் கேள். 'இந்தக் கருவி சரிப்படவில்லை என்றால் உங்கள் வார்டில் அதை எடுத்துவிட்டு பெட் பேனுக்குத் திரும்ப உங்களுக்கு உரிமை உண்டா?' இந்த ஒரு கேள்விக்கு வரும் பதில் உன் 30க்கும் சமம்.

எம்எஸ்சி_செகண்ட்இயர் | புதன் மாலை 5:30

தங்கைதான் அக்கா. கைடு மேடம் கேள்வித்தாளை அப்ரூவ் செய்துவிட்டார்... ஆனாலும் கடைசியில் இதையும் சேர்க்கக் கேட்டுப் பார்க்கிறேன்.

பிசியோ_வேலூர் | வியாழன் காலை 11:15

எல்லோரும் கசிவதைப் பற்றியே பேசுகிறீர்கள். என் பயம் அது கசியாமல் ஒழுங்காக வேலை செய்தால் என்ன ஆகும் என்பது.

முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்த ஒரு அம்மா. ஃபோலி இல்லாத காலத்தில் அவர் ஒரு நாளில் 5, 6 தடவை எழுந்து வாக்கர் பிடித்துப் பாத்ரூம் போவார், ஒன்னுக்கு அவசரம்தான் அவரைக் கட்டிலை விட்டு எழுப்பும். நான் போய் 20 நிமிஷம் நடக்க வைப்பதைவிட அதுதான் பெரிய பயிற்சி. நான் முன்பு இருந்த இடத்தில் இந்தக் கருவி வந்த பிறகு நடக்கக்கூடியவர்களுக்கும் 'ராத்திரிக்கு மட்டும்' என்று வைத்தார்கள். அப்புறம் பகலிலும். மூன்றாம் நாள் நான் போனால் அந்த அம்மா, "எதுக்குத் தம்பி எழுந்திரிக்கணும், அதான் இது இருக்கே" என்கிறார். எனக்குப் பதில் வரவில்லை.

டெக்சாஸ்_நெல்லை | வியாழன் பகல் 12:40

இதை மறுக்க மாட்டேன். இங்கேயும் நடந்தது, நானும் செய்திருக்கிறேன். 6 பேஷன்ட், இருவர் விழக்கூடிய ஆபத்தில், மூன்றாமவர் பாத்ரூம் என்று பெல் அடிக்கும்போது கை தானாக அந்தப் பாக்கெட்டைத் தேடும். ஒருவர் துணையோடு நிற்க முடிந்தவருக்கு வைப்பதில்லை என்று எங்கள் யூனிட்டில் பிறகு ஒரு விதி போட்டோம். நைட்டில் அந்த விதி எத்தனை தடவை வளைகிறது என்று கேட்காதீர்கள்.

யாழ்_மிஸ் | வியாழன் இரவு 9:05

எல்லாற்ற கதையையும் வாசிச்சுக்கொண்டு இருந்தனான், ஒன்று சொல்லிவிட்டுப் போகிறன்.

எங்கட ஆஸ்பத்திரியில் இந்தக் கருவி இன்னும் வரவில்லை. 2022இல் இலங்கை முழுக்க மருந்துக்கும் சாமானுக்கும் தட்டுப்பாடு வந்த நேரம், எங்கட வாட்டில் கதீட்டர், சலப்பை (யூரின் பை) எல்லாம் எண்ணி எண்ணித்தான் தந்தார்கள். அப்பதான் காலை ரவுண்டில் டொக்டர் ஒவ்வொரு கட்டிலிலும் நின்று, "மிஸ், இவவுக்கு உண்மையிலேயே தேவையா?" என்று கேட்கத் தொடங்கினார். அதற்கு முதல் ஒருநாளும் கேட்டதில்லை. பாதிப் பேருக்குத் தேவையில்லை என்று எங்களுக்கு முதலே தெரியும், ஆரும் எங்களைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். இப்ப சாமான் வருகுது. அந்தக் கேள்வி திரும்ப நின்றுபோச்சு.

இன்ஃபெக்ஷன்_கன்ட்ரோல் | வியாழன் இரவு 9:22

மிஸ், இங்கிலாந்தில் அந்தக் கேள்வியை நர்ஸே கேட்டு, காரணம் எதுவும் இல்லையென்றால் நர்ஸே டியூபை எடுத்துவிடலாம் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஹூடினி என்று பெயர், கட்டை அவிழ்த்துக்கொண்டு தப்பிப்பாரே அந்த வித்தைக்காரர் பெயர்தான். ரத்தம் போகிறதா, அடைப்பா, யூரின் பாதை ஆபரேஷனா, படுக்கைப்புண்ணா, மணிக்கணக்கில் அளக்க வேண்டுமா, கடைசிக் காலமா, அசையவே முடியாத நிலையா. எதுவும் இல்லையா, எடு. எடுத்த பிறகு 6 மணி நேரத்துக்குள் போகிறாரா என்று மட்டும் பார். காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்க வேண்டியதில்லை. நம்மூரில் இதைச் சொன்னால், "நர்ஸ் எப்படி முடிவெடுப்பது" என்பார்கள். அதே ஆட்கள்தான் நாம் புதியதை ஏற்பதில்லை என்றும் சொல்வார்கள்.

ஆர்த்தோ_நைட் | வெள்ளி காலை 8:50

மூன்று நைட் முடிந்தது. சொல்ல நிறைய இருக்கிறது.

டெக்சாஸ் அக்கா, உங்கள் டம்ளர் சோதனையைச் செய்தேன். ரெகுலேட்டர் முள் 40இல் நிற்கிறது, டம்ளர் தண்ணீர் அசையவே இல்லை. கழற்றிப் பார்த்தால் ஜார் மூடியின் ரப்பர் வளையம் இல்லை. எப்போது போனதோ, யார் கழுவும்போது தொலைத்தார்களோ. பக்கத்து பெட் ஜாரின் மூடியை மாட்டினேன், சர்ரென்று ஏறியது. அதாவது திங்கள் நைட் முழுக்க நான் அந்தப் பாட்டிம்மாவின் தொடைக்கு நடுவில் ஒரு துணித்துண்டை வைத்துவிட்டு சக்ஷன் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சளி எடுக்கப் போயிருந்தால்? நினைத்தாலே வயிறு கலங்குகிறது. கருவிகளைப் பழுதுபார்க்கும் பயோமெடிக்கலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அதற்குள் 11ஆம் பெட்டுக்கு ஆபரேஷன் முடிந்திருந்தது. புதன் நைட் சரியான ஜாரோடு திரும்ப வைத்தேன். இந்தத் தடவை வேறு பிரச்சினை. 2 மணி நேரம் ஆகியும் ஒன்றும் வரவில்லை. அடைத்துக்கொண்டதோ என்று பயந்து அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், கல் மாதிரி இருக்கிறது. "பாட்டிம்மா, வருதா இல்லையா?" என்றேன். மெதுவாகக் காதருகே வரச் சொல்லி, "வருது கண்ணு. படுத்துக்கிட்டே எப்படிப் போறது? மூணு வயசுல எங்க அம்மா அடிச்சு நிறுத்துனது" என்றார்.

எந்தக் கம்பெனியின் கையேட்டிலும் இது இல்லை. கட்டிலின் தலைப்பக்கத்தை ஏற்றினேன், ஏறக்குறைய உட்கார்ந்த மாதிரி. திரையை இழுத்துவிட்டேன். பக்கத்தில் வாஷ்பேசின் குழாயைச் சன்னமாகத் திறந்துவிட்டு, நான் மறுபக்கம் திரும்பிச் சார்ட் எழுதுவது மாதிரி நின்றேன். நாலைந்து நிமிஷம் ஆகியிருக்கும். டியூபில் ஓடும் சத்தம் கேட்டது. ஜாரில் 450 மில்லி. ஷீட்டில் ஒரு சொட்டு இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து பாட்டிம்மாவே சிரித்துவிட்டார்.

ஆகவே கருவி நல்ல கருவிதான். ஆனால் வளையத்தைக் கண்டுபிடிக்க, குழாயைத் திறந்துவிட்டு நிற்க எனக்கு அன்றைக்கு நேரம் கிடைத்ததற்குக் காரணம் 5 டிஸ்சார்ஜ் ஆகி வார்டு கொஞ்சம் காலியாக இருந்தது.

பிசியோ சார் எழுதியதைப் படித்துவிட்டு வியாழன் பகலிலேயே அதை எடுக்கச் சொல்லிவிட்டேன். அவரை உட்கார வைத்துவிட்டார்கள், இனி கமோட் சேர்.

ஐசியூ_தம்பி | வெள்ளி காலை 9:14

மூடி வளையம்! எங்கள் ஐசியூவில் இன்றைக்கே எல்லா ஜாரையும் பார்க்கிறேன்.

தஞ்சை_மகள் | சனி இரவு 10:20

ஜிஎச் அக்காவுக்கு நன்றி சொல்ல வந்தேன். நோட்டு போட்டேன். அம்மா தூங்கப் போன ஒன்றரை மணி நேரத்தில் ஒன்று, விடிகாலை 4:30க்கு ஒன்று. நேற்று 4:15க்கு அலாரம் வைத்து எழுப்பினேன், கமோடில் போனார். என்னைப் பார்த்து இடது கட்டை விரலைக் காட்டினார். டயப்பர் காய்ந்தே இருந்தது.

ஜிஎச்_அக்கா | சனி இரவு 10:41

👍 அம்மாவுக்கு நான் காட்டியதாகச் சொல்.

எம்எஸ்சி_செகண்ட்இயர் | ஞாயிறு காலை 11:00

கைடு மேடம் 31ஆவது கேள்வியைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். பெட் பேனுக்குத் திரும்ப உரிமை உண்டா என்பதுதான்.

ஆர்த்தோ_நைட் | ஞாயிறு இரவு 11:35

தங்கச்சிக்கு வாழ்த்து.

என் ஃபார்மைத் திருப்பிக் கேட்டேன், சூப்பர்வைசர் ஆச்சரியமாகக் கொடுத்தார். 'இதர கருத்துகள்' என்று அடியில் ஒரு கோடு விட்டிருந்தார்கள், அதில் இடம் போதாமல் பின்பக்கம் திருப்பி எழுதினேன். ஜார் மூடிகளுக்கு வளையம். வாய்க்குத் தனிப் போர்ட் இருக்கும் பெட்டில் மட்டும் இதை வைப்பது. நிற்க முடிந்தவர்களுக்கு வைப்பதில்லை. நைட்டுக்கு இன்னொரு ஆயாம்மா. படித்துவிட்டு, "வளையம் இருபது ரூபாய்தான், வாங்கிடலாம்" என்றார். மற்றதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மீதி இருந்த கருவிகளை அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள், சாவி டே ஷிஃப்ட் இன்சார்ஜிடம்.

சரி, 7ஆம் பெட் பெல் அடிக்கிறார். வார்டில் இருந்த 5 பெட் பேனில் 2 இருக்கிறது, மற்ற 3 எந்த வார்டுக்குப் போனதோ. தேடிவிட்டு வருகிறேன்.